கொத்தனாரைக் கேளுங்கள்

சிமெண்டுக்குப் பணம் கொடுக்கிறவர் ஒருவர். எந்தச் சிமெண்டு என்று தீர்மானிக்கிறவர் வேறொருவர். ரெட்டிபாளையத்தில் இருக்கிறவர்களுக்கு இது பாலபாடம்.

அரியலூர்ப் பக்கத்துப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் செத்துப்போன சிப்பிகளும் நத்தைகளும் சுண்ணாம்புக் கல்லாகி, இன்று மூட்டை கட்டிக்கொண்டு லாரி ஏறுகின்றன. கல் எங்கள் ஊர்க் கல். ஆலை எங்கள் ஊர் ஆலை. புழுதி சந்தேகத்துக்கு இடமில்லாமல் எங்களுடையது. அப்படியிருந்தும் இந்த ஊரில் வீடு கட்டப் போகிறவர், "எந்தச் சிமெண்டு வாங்கலாம்?" என்று கேட்பது கொத்தனாரைத்தான். சுவருக்குச் சுவர் எழுதியிருக்கும் விளம்பரங்களை அவர் படிக்காமலில்லை. படிப்பார், ரசிப்பார், பிறகு கொத்தனாரைக் கேட்பார். ஏனென்றால் பணம் போனால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. சுவர் வெடித்தால் பேர் போவது கொத்தனாருக்கு. பேர் போகக்கூடியவன் சொல்லுக்குத்தான் மதிப்பு.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். ஆகவே கொத்தனார்களை அழைத்துக் கூட்டம் போடுகிறார்கள். பிரியாணி உண்டு, தொப்பி உண்டு, கம்பெனி பேர் போட்ட பை உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு முதிய கொத்தனார் அப்படியொரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். "எப்படி இருந்தது?" என்று விசாரித்தேன்.

"சோறு நல்லா இருந்திச்சுங்க. சிமெண்ட கலக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன்" என்றார்.

இதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். இதற்குள் ஒரு வியாபார சாஸ்திரமே அடங்கியிருக்கிறது என்று எனக்கு விளங்கவைத்தவன் என் அக்காள் மகன்.

அவன் சென்னையில் ஒரு சிறு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வேலை பார்ப்பது சென்னைக் கம்பெனிக்கு என்றாலும், மாதத்தில் பாதி நாள் இருப்பு இங்கே, அக்காள் வீட்டு மாடியில். அந்த மாடி எழும்பியதே அவன் சம்பளத்தில்தான். பாங்கித் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. அவன் கம்பெனி செய்கிற சாமான் உங்களுக்கும் எனக்கும் பயன்படக்கூடியதல்ல. மற்றப் புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் செய்வதற்கு வேண்டிய கருவி அது. ஓரிடத்தில் மலையாகக் குவிந்திருக்கும் கணக்குகளை, ஒன்றுகூடச் சிந்தாமல் சிதறாமல் மற்றோரிடத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி வைக்கும். கருவி செய்தவர்களில் ஒருவனான அவனையே அதை நாலு பேருக்கு எடுத்துச் சொல்லவும் கம்பெனி நியமித்துவிட்டது. தச்சனைக் கூப்பிட்டு, "நீ செய்த கட்டிலை நீயே கூவி விற்றுவிட்டு வா" என்று சொன்ன மாதிரி.

ஒரு நாள் சாயங்காலம் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நீங்க எழுத்தாளர். எங்க கருவியைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்களேன்."

"யார் படிக்கிறதுக்கு மாப்பிளே?"

"எங்க ஆளுங்கதான். புரோகிராமருங்க."

"அவங்க நல்ல தமிழுக்கு மயங்குவாங்களா?"

"எந்த மொழிக்கும் மயங்க மாட்டாங்க மாமா. அதுதானே கஷ்டம்!"

பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். புரோகிராமர் என்கிற பேர்வழியின் தொழிலே சந்தேகப்படுவது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஓட மறுக்கும் இயந்திரத்தோடு காலை முதல் இரவு வரை மல்லுக்கட்டுகிறவர். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எது சரியில்லை என்று தேடுவது அவர் பழக்கமாகிவிட்டது. அவரிடம் போய், "இது புரட்சிகரமான கருவி, உலகத்தில் இதற்கு நிகரில்லை" என்றால் அவர் கோபிக்கக்கூட மாட்டார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு ஜோலியைப் பார்ப்பார். கருவியைத் திறந்து பார்க்குமுன் பேர், கம்பெனி, போன் நம்பர் எல்லாம் கேட்டால் அப்போதே எழுந்துவிடுவார். கொடுத்துத் தொலைத்தவர்களுக்கு மறுநாளிலிருந்து விற்பனைக்காரர்களின் போன் வந்த வண்ணமாக இருக்கும். விலை போட வேண்டிய இடத்தில் "எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்" என்று போட்டிருந்தால், ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடை இது என்று முடிவு கட்டிவிடுவார்.

இதெல்லாம் கர்வமா என்று கேட்டேன். "பயம், மாமா" என்றான். வேண்டாத கருவி ஒன்றை நம்பி வேலையில் சேர்த்துவிட்டால், நடுராத்திரியில் அது படுத்துக்கொள்ளும்போது எழுப்பப்படுகிறவர் விற்றவரல்ல. வாங்கச் சொன்ன புரோகிராமர். நான் உடனே அந்தக் கொத்தனாரை நினைத்துக்கொண்டேன். அவனிடம் சொன்னபோது சிரித்து, "அவரை எங்க கம்பெனிக்கு ஆலோசகராப் போட்டுடலாம்" என்றான்.

இப்படிப்பட்டவர்களிடம் வியாபாரமே செய்ய முடியாதா என்றால், பிரமாதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவன் சொன்ன கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய கதைதான்.

1983-ல் அமெரிக்காவில் போர்லண்ட் என்ற சின்னக் கம்பெனி டர்போ பாஸ்கல் என்ற கருவியை வெளியிட்டது. மனிதன் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அதன் உட்கருவை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க் இளைஞர். அப்போது அந்த ஜாதிக் கருவிகளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை. போர்லண்டின் தலைவர் பிலிப் கான் 'பைட்' என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் போட்டார். விலை 49 டாலர் 95 சென்ட். பணம் அனுப்பினால் தபாலில் வரும். விளம்பரத்துக்குக் கொடுக்கவே கையில் காசில்லையாம். பத்திரிகையின் விளம்பர ஏஜெண்டு வருகிற நாளில், ஆபீஸ் நிறைய ஆட்களை உட்காரவைத்து, போன் மணிகள் ஓயாமல் அடிக்கும்படி ஏற்பாடு செய்து, பெரிய கம்பெனி என்று நம்பவைத்துக் கடனுக்கு விளம்பரம் வாங்கியதாகப் பின்னாளில் கான் அவர்களே சொல்லியிருக்கிறார். இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். நாடகம் ஆடியது விளம்பர ஏஜெண்டிடம், புரோகிராமரிடம் அல்ல. புரோகிராமருக்குச் சொன்னது விலையையும், சாமான் என்ன செய்யும் என்பதையுந்தான்.

அதைவிட என் மனசுக்கு உகந்தது அந்தக் கம்பெனியின் உரிமப் பத்திரம். மற்றவர்கள் பக்கம் பக்கமாகச் சட்டம் எழுதிப் பயமுறுத்திக் கொண்டிருந்தபோது, "இதை ஒரு புத்தகத்தைப் போல வைத்துக்கொள்ளுங்கள்" என்ற கருத்தில் போர்லண்ட் எழுதியது. ஒரு புத்தகத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் மாற்றி மாற்றிப் படிக்கலாம்; ஒரே சமயத்தில் இரண்டு பேர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து படிக்க முடியாது. அதுபோலவே இதுவும். திருடனாயிருப்பானோ என்று சந்தேகிக்காமல், வாசகனாயிருப்பான் என்று நம்பி எழுதிய பத்திரம். புத்தகம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டதும் உச்சி குளிர்ந்ததில் ஆச்சரியம் என்ன?

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. இன்று ஸோஹோ என்று எல்லாருக்கும் தெரிந்த கம்பெனி 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பேரில் தொடங்கியது. 2009-ல்தான் இந்தப் பேர் வந்தது. ஆரம்பத்தில் அவர்கள் விற்றது ஆபீஸ்காரர்களுக்கான சாமான் அல்ல. நெட்வொர்க் சாதனங்களை நிர்வகிக்கும் மென்பொருளை எழுதுகிற எஞ்சினீயர்களுக்கான கருவிகள். சென்னையிலிருந்து கொண்டு எங்கோ இருக்கிற எஞ்சினீயரிடம் வாய் சாமர்த்தியத்தைக் காட்ட முடியாது. சாமான்தான் பேச வேண்டும்.

பெங்களூரில் 2012-ல் அபினவ் அஸ்தானா என்ற இளைஞர், தம் சொந்த வேலையில் பட்ட ஓர் எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள ஒரு சிறு கருவி செய்தார். ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் பாதையைச் சோதித்துப் பார்ப்பது அதன் வேலை. போஸ்ட்மேன் என்று பேர் வைத்து, குரோம் உலாவியின் கடையில் இலவசமாகப் போட்டுவிட்டார். எரிச்சல் பட்டவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2014-ல்தான் கம்பெனி வந்தது. முதலில் கூட்டம், பிறகு கடை.

ட்விலியோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதை வேறு மாதிரி. ஒரு மென்பொருளிலிருந்து போன் பேசவும் செய்தி அனுப்பவும் வழி செய்வது அவர்கள் தொழில். அதன் அப்போதைய தலைவர் ஜெஃப் லாசன் மேடையில் நின்று, சபையோர் கண்ணெதிரிலேயே சில வரி நிரலை எழுதி, அவர்கள் சட்டைப் பையிலிருந்த போன்களை ஒலிக்கச் செய்வாராம். படம் காட்டவில்லை, பாட்டுப் பாடவில்லை. சமையல்காரர் தாம் வைத்த குழம்பை நம் முன்னாலேயே தாளித்துக் காட்டியது போல. பிற்பாடு சான் பிரான்சிஸ்கோவின் பெருஞ்சாலை ஓரத்தில் அந்தக் கம்பெனி ஒரு விளம்பரப் பலகை வைத்தது. உங்கள் டெவலப்பரைக் கேளுங்கள் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. காரில் போகிற முதலாளிக்கு அது ஒன்றும் விளக்கவில்லை; கேட்க வேண்டிய ஆளைக் காட்டியது, அவ்வளவுதான். ரெட்டிபாளையத்து வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பலகை தேவைப்பட்டிருக்காது.

இனி, கெட்டுப்போன கதைகள். புரோகிராமருக்கும் தொப்பியும் பையும் உண்டு. அவர்கள் உலகத்தில் அது பெரும்பாலும் பனியன் ரூபத்தில் வருகிறது. டிஜிட்டல்ஓஷன் என்ற கம்பெனி 2014 முதல் அக்டோபர் மாதந்தோறும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற திருவிழாவை நடத்தி வருகிறது. கிட்ஹப் என்று ஒன்று இருக்கிறது. உலகத்துப் புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைப் பொதுவில் வைத்து ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்ளும் ஊர்ச் சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பியவர்களுக்கு ஒரு பனியன் பரிசு. நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனை. பல பேர் அதனால் தொழில் கற்றுக்கொண்டார்கள்.

2020-ல் அது விபரீதமாயிற்று. பனியன் ஆசையில் ஆயிரக்கணக்கானோர் சாவடிக்குள் புகுந்தார்கள். நம் நாட்டு மாணவர்கள் பலரும் அதில் இருந்தார்கள். பிறர் எழுதி வைத்த நிரலின் முன்னுரையில் 'அருமையான' என்று ஒரு சொல்லைச் செருகி, அதையே திருத்தம் என்று அனுப்பினார்கள். கூலியில்லாமல், ராத்தூக்கம் கெட்டுப் பொதுக் காரியம் செய்கிற பேர்வழிகள், இந்தக் குப்பையை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ள வேண்டியதாயிற்று. அவர்கள் கொதித்தார்கள். மாதம் பிறந்து மூன்றாம் நாளே கம்பெனி விதியை மாற்றியது. எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று சம்மதம் சொன்னவர்களின் நிரலுக்கு மட்டுமே திருத்தம் அனுப்பலாம் என்றாயிற்று. 2023-ல் பனியனே நின்றது.

கொடுத்த கம்பெனிக்குக் கெட்ட எண்ணம் இல்லை. வாங்கிய மாணவர்களுக்கும் இல்லை. ஆனால் அந்தப் பரிசுக்கு விலை கொடுத்தது, அதைக் கேட்காத மூன்றாம் மனிதர். பிறருடைய நேரத்தைச் செலவழித்து நாம் தாராளம் காட்டினால் அதற்குப் பேர் தாராளமல்ல.

இன்னொரு வகை உண்டு. நம்ப வைத்துவிட்டு நிபந்தனையை மாற்றுவது. யூனிட்டி என்ற கருவியைக் கொண்டு விளையாட்டுகள் செய்து பிழைக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனி, வருமானமும் எண்ணிக்கையும் ஓர் அளவைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு, யாராவது அதைப் புதிதாக நிறுவும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்துவிட்ட விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும் என்றது. கட்டி முடித்துக் குடியேறிய வீட்டுக்கு, விருந்தாளி வரும்போதெல்லாம் சிமெண்டுக் கம்பெனிக்குப் பணம் கட்டு என்பது போல. எழுந்த கூச்சலில் பத்து நாளில் இறங்கி வந்தார்கள். அடுத்த மாதம் தலைவர் விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். கட்டணம் போய்விட்டது. போன நம்பிக்கை அதோடு திரும்பியதா என்பது வேறு விஷயம். அதே 2023-ன் மார்ச் மாதத்தில் டாக்கர் என்ற கம்பெனி, பொதுக் காரியக் குழுக்கள் பலவும் அண்டியிருந்த இலவச வசதி ஒன்றை நிறுத்தப் போவதாகக் கடிதம் அனுப்பி, இரண்டே நாளில் மன்னிப்புக் கேட்டு, அந்த மாதத்துக்குள்ளேயே முடிவையும் வாபஸ் வாங்கியது. இலவசமாகக் கூட்டம் சேர்த்த போஸ்ட்மேனுக்கும் சோதனை வந்தது. கணக்குத் திறக்காமல் தம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்து வேலை செய்துகொள்ளும் வசதியை 2023-ல் அது குறுக்கியபோது, பழைய சிநேகிதர்கள் பலர் முகம் சுளித்து, புரூனோ போன்ற வேறு கருவிகளைத் தேடிப் போனார்கள்.

கம்பெனிகளைக் குற்றம் சொல்வது சுலபம். எத்தனை நாளைக்கு இலவசமாகக் கொடுப்பார்கள்? ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா? நியாயந்தான். விலை கேட்டதற்காக எந்தப் புரோகிராமரும் இவ்வளவு கோபித்ததில்லை என்கிறான் என் அக்காள் மகன். முதல் நாளே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார், அல்லது வாங்காமல் போயிருப்பார். நடுவில் சொன்னதுதான் குற்றம்.

இவ்வளவும் பேசிய பிறகு அவனுடைய உண்மையான சங்கடம் வெளியே வந்தது. நாலு வரி எழுதித் தர என்னிடம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

அவர்கள் கருவியில் ஒரு குறை இருக்கிறது. கணக்குகளைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சின்னக் குவியலுக்குப் பாதகமில்லை. பெரிய குவியலானால் ஒரு ராத்திரி வேலை வீண். இதை அறிமுகப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது அவன் கட்சி. "போட்டிக்காரர்கள் யாரும் தங்கள் ஓட்டையைத் தாங்களே பறையடிப்பதில்லை, நாம் மட்டும் ஏன்?" என்பது முதலாளியின் கட்சி. முதலாளி கெட்டவரல்ல. பன்னிரண்டு பேருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டியவர். கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று அவருக்குத்தான் தெரியும். குறையை மூடும்படியான இங்கிதமான நாலு வரி அவருக்கு வேண்டும். பொய் இருக்கக் கூடாது. உண்மையும் தெரியக் கூடாது. கதாசிரியரான மாமாவிடம் அந்த வித்தை இருக்கும் என்று பையன் எண்ணியிருக்கிறான்.

வித்தை இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வித்தை செல்லுபடியாவது ஏமாறச் சம்மதித்து உட்காருகிறவரிடம். கதை படிக்கிறவர் சம்மதித்துத்தான் படிக்கிறார். அவரிடங்கூட, 'கதாநாயகி பேரழகி' என்று எழுதினால் அவர் மனசில் அழகு எழுவதில்லை. அவள் காதோரத்து ஒற்றை முடியைச் சொன்னால் எழலாம். அப்படியிருக்க, ஏமாறக் கூடாது என்பதற்கே சம்பளம் வாங்குகிறவரிடம் பெயரடைகளைக் கொண்டுபோய் என்ன செய்வது?

"அந்தக் குறையை உங்க ஆளுங்க எத்தனை நாள்ல கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"நாளா? சாமர்த்தியமான ஆளாயிருந்தா ஒரு மணி நேரம்."

"அப்ப நீ மறைச்சு வைக்கிறது ஒரு மணி நேரத்துக்குத்தானே? அதுக்குப் பிறகு அவங்களுக்கு ரெண்டு விஷயம் தெரியும். கருவியில ஒரு குறை இருக்கிறது ஒண்ணு. நீ மறைச்சேங்கிறது இன்னொண்ணு. முதலாவதைச் சரிசெய்யலாம்."

அவன் ஒன்றும் பேசாமல் மடிக்கணினியை மூடினான். யோசனை சொல்வது மாமாவுக்கு எளிது. தவணை கட்டுவது அவன். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. முதலாளி முகம் கோணினால் இந்த வேலை நிலைக்குமா என்ற கேள்வி அன்றிரவு அக்காள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டதாகக் கேள்வி.

இரண்டு வாரம் கழித்துப் பக்கம் வெளிவந்தது. என் எழுத்து ஒரு வரிகூட அதில் இல்லை, அவனேதான் எழுதியிருந்தான். இது என்ன செய்யும், என்ன விலை, பேர் கொடுக்காமலே இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, நாலாவது வரியிலேயே, இணைப்பு அறுந்தால் தொடராது. பெரிய குவியல் வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு இதை நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தான். முதலாளியிடம் எப்படிச் சம்மதம் வாங்கினான் என்று கேட்டேன். மூன்று மாதம் பார்ப்போம் என்று கெடு வைத்திருக்கிறாராம்.

முதல் மாதம் விற்பனை ஒன்றும் பொங்கி வழிந்துவிடவில்லை. ஒரு கடிதம் வந்தது. ஏதோ வடக்கத்தி ஊரிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு புரோகிராமர் எழுதியிருந்தார். எங்கள் குவியல் பெரிது, உங்கள் கருவி இப்போது எங்களுக்கு உதவாது, சோதித்துப் பார்த்து இரண்டு நாளை வீணாக்காமல் காப்பாற்றியதற்கு நன்றி, சரிசெய்ததும் தெரிவியுங்கள் என்று விஷயம். முதலாளி அதைக் கைவிட்டுப்போன வாடிக்கைக்காரர் கணக்கில் எழுதினார். இவன் வரப்போகிற வாடிக்கைக்காரர் கணக்கில் எழுதியிருக்கிறான். எந்தக் கணக்கு சரி என்பதற்கு இன்னும் இரண்டு மாதம் கெடு இருக்கிறது.

இதற்கிடையில், அக்காள் வீட்டு மாடியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலும் விளக்கு எரிகிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வித்தையை எழுதிக்கொண்டிருக்கிறான். எல்லாரும் படிக்கும்படி குறையைப் போட்டாயிற்று. இனி அதைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது அல்லவா?